மௌலி அனுப்பிய மெஷின்

நவம்பர் 5, செவ்வாய்

சாயங்காலம் நாலு பத்துக்கு போர்ச்சுகலிலிருந்து போன். நான் என் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் பக்கத்தில் நின்று ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்தேன். கழுத்துப்பட்டி கோணல். போனை எடுத்துக்கொண்டே திட்டினேன்.

பேசியவள் பேர் தெரேசா. போர்த்தோ நகரத்தில் மௌலி வேலை பார்க்கும் துணி மில்லின் ஆபீஸ்காரி. அவளுக்கு இங்கிலீஷ் வராது. அவள் தன் பாஷையில் சொல்ல, அவள் போனே அதை இங்கிலீஷாக்கிச் சொன்னது. எத்தனை நாடு சுற்றியவன் நான், இந்த மாதிரி மெஷின் எத்தனை பார்த்தவன்! மூன்று தடவை “மறுபடி சொல்லுங்கள்” என்றேன். மூன்று தடவையும் அதே குரலில், அதே வாக்கியம். காலை ஏழரை மணி, மழை, டிராம் தண்டவாளத்தில் பைக் சறுக்கியது. நாலாவதாக, உடலை இந்தியாவுக்கு அனுப்புவதா என்று கேட்டது.

அந்த வாக்கியத்தை மட்டும் இங்கே எழுதப் போவதில்லை. மௌலிக்கு இருபத்தொன்பது வயசு. எங்களுக்கு ஒரே பையன்.

மச்சான் குழந்தைவேலுவிடம் மட்டும் சொன்னேன். என் மனைவி மயிலாவுக்கு அண்ணன். முதலில் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மாப்ள, நாளைக்கு என்ற மக கயலுக்கு வளைகாப்பு. ஏழு மாசத்துப் புள்ளத்தாச்சி. அது முடியட்டும் மாப்ள” என்றான். சரி என்றேன். அதற்கப்புறமும் மயிலாவிடம் ‘சீரியஸ்’ என்று மட்டும் சொல்வது, நான் மட்டும் போய்க் கொண்டுவருவது என்று பேசிக்கொண்டோம். நம் பக்கத்தில் யார்தான் போனில் நேராகச் சொல்கிறார்கள்? எங்கப்பாவுக்கும் எனக்கு ‘சீரியஸ், உடனே கிளம்பி வா’தான் வந்தது. வீதி முனையில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன்.

நவம்பர் 6, புதன்

வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. மயிலா பச்சைப் பட்டு. தலை நிறையப் பூ. கயலுக்கு வளையல் போட்டுவிட்டு, தானும் இரண்டு கையிலும் போட்டுக்கொண்டாள். “எம்பையனுக்கும் ஒரு பொண்ணப் பாருங்க, அடுத்த வளைகாப்பு எங்க ஊட்லதான்” என்று எல்லோரிடமும் சொன்னாள். நான் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பாயசம் வைத்தார்கள். குடிக்காமல் எழுந்தால் கேட்பார்கள் என்று குடித்தேன்.

வீட்டுக்கு வந்து ஐந்து மணிக்குச் சொன்னேன். பைக்கில் விழுந்துட்டான், தலையில் அடி, ஆஸ்பத்திரியில் சீரியஸாக இருக்கிறான். நான் நினைத்தது அவள் அழுவாள், சாமி ரூமில் உட்காருவாள், நான் கிளம்பிவிடலாம் என்று. அவள் அழவே இல்லை. நேராக பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தாள். சிங்கப்பூர் போனபோது எடுத்தது.

“ஏனுங்க, எனக்கும் விசாவுக்குப் போடுங்க.”

“நீ வந்து என்ன பண்ணப்போற? அங்க யாருக்கும் இங்கிலீஷே தெரியாது. நான் போய்ட்டு…”

“என்ற பையன் கண்ணு முழிச்சா மொதல்ல என்னத்தான் தேடுவான். உங்களயா தேடுவான்?”

சீரியஸ் என்றால் உறவுக்காரர்கள் கிளம்பி வருவார்கள். அதற்காகத்தானே அந்த வார்த்தையே! இது எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று? அறுபத்தொரு வயசுக்கு இவ்வளவுதான் அறிவு.

நவம்பர் 7, வியாழன்

சென்னை. கைரேகை கொடுத்தாயிற்று. எனக்கு வியாபார விசா இருக்கிறது. இவளுக்குத்தான் அவசரமாகக் கேட்டோம். நான் கொடுத்த காகிதங்களில் உண்மைக் காரணம் இங்கிலீஷில் போட்டிருக்கிறது. அந்தக் காகிதத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதது இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் உதவியது.

சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கேயே விழுந்துவிடுவாள், கைரேகை யார் வைப்பது?

நவம்பர் 8, வெள்ளி

மயிலா மௌலியின் நம்பருக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். ஐ.சி.யு.வில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டேன். டாக்டரோடு பேசுங்கள் என்றாள். கம்பெனி மாடிக்குப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். “அப்படியேதான் இருக்கானாம். மோசமாகல” என்றேன். அதில் ஒன்றும் பொய் இல்லை.

நவம்பர் 9, சனி

மேஜை டிராயரைச் சுத்தம் செய்தேன். பழைய மெஷின்கள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. மனசு ஒரு இடத்தில் நிற்க வேண்டுமே, எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன்.

92-இல் முதல் ஜெர்மனிப் பயணத்துக்கு வாங்கியது, கால்குலேட்டர் மாதிரி அகராதி. ஒவ்வொரு எழுத்தாகத் தட்ட வேண்டும். ‘பருத்தி’ என்பதற்கு ஜெர்மன் வார்த்தை வருவதற்குள் துணி வாங்க வந்தவன் அடுத்த ஸ்டாலில் காபி குடித்துக்கொண்டிருப்பான். அடுத்தது 2004, பேசும் பெட்டி. பதினாலு மொழி, எண்ணூறு வாக்கியம். கழிப்பறை எங்கே, இது என்ன விலை, தண்ணீர் வேண்டும். அதில் இருப்பதைத்தான் கேட்கலாம். பதில் வந்தால் அதற்குப் புரியாது. பாரிஸில் ஒரு கிழவர் எனக்கு அரை மணி நேரம் வழி சொன்னார், பெட்டி வாயை மூடிக்கொண்டிருந்தது. அப்புறம் போனிலேயே வந்தது. போட்டோ எடுத்தால் ஓட்டல் மெனு இங்கிலீஷாகும், நெட் இல்லையென்றால் அதுவும் அம்போ. இது எதிலும் தமிழ் கிடையாது. எல்லாவற்றுக்கும் நான் முதலில் இங்கிலீஷுக்குப் போக வேண்டும்.

நாலாவது, மௌலி தாட்டிவிட்டது. என் மணிவிழாவுக்குக் கூரியரில் வந்தது. சோப்பு டப்பா அளவு. தமிழில் பேசினால் நேராக எழுபது மொழியில் சொல்லுமாம், எழுபதிலும் பேசினால் நேராகத் தமிழில் வருமாம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கிறது. பதினாலு மாசமாக வேலை நெருக்கடி, பிரித்துப் பார்க்க நேரமில்லை.

அதை டிராயரிலேயே வைத்துவிட்டேன். 2004 பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். மயிலா தண்ணீர் கேட்டுக்கொள்ளட்டும், கழிப்பறை கேட்டுக்கொள்ளட்டும். அது போதும்.

நவம்பர் 10, ஞாயிறு

பெருமாநல்லூர் கொண்டத்துக் காளியம்மனுக்கு மயிலா வேண்டிக்கொண்டு வந்திருக்கிறாள். பையன் பிழைத்து வந்தால் அடுத்த பங்குனியில் குண்டம் இறங்கித் தீ மிதிக்கிறாளாம், ஐம்பத்தாறு வயசில், அந்த முட்டியை வைத்துக்கொண்டு. நானும் கூடத்தான் நின்றேன். பூசாரி பேர் கேட்டார். “மௌலீஸ்வரன், சதய நட்சத்திரம்” என்று அவளே சொன்னாள்.

உண்மையைச் சொல்கிறேன். அவள் “அவனுக்கு ரசம் சாதம் கரைச்சுக் குடுக்கலாமா, டாக்டர் ஒத்துக்குவாரா” என்று கேட்கும்போது வீட்டில் அவன் இருக்கிறான். நான் வாயைத் திறந்தால் போய்விடுவான். நானே ஒரு தரம் “எலுமிச்சங்கா ஊறுகாயும் எடுத்துக்க” என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கேட்டாள்: “அவன் கண்ணு முழிச்சா நீங்க பேசுவீங்கல்ல?”

“பேசாம என்ன. நான் எப்பப் பேசல?”

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “மணிவிழாப் பத்திரிகைய வாட்ஸப்புல நாந்தானுங்க அனுப்புனேன். படிச்சுட்டு ‘என்ற பேரக் காணமே அம்மா’ன்னு சிரிச்சான்.”

அது அச்சகக்காரன் தப்பு. அப்போதே சொன்னேன், இப்போதும் சொன்னேன். உள்ளூரில் அச்சடித்தால் இப்படித்தான்.

நவம்பர் 11, திங்கள்

விசா வந்துவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

கொச்சியிலிருந்து தோகா. இங்கே ஐந்து மணி நேரம் உட்கார வேண்டும்.

மயிலா கைப்பையைத் திறந்து சார்ஜர் குத்தும் இடம் கேட்டாள். கையில் மௌலியின் மெஷின்! டிராயரில் பார்த்தாளாம். “பையன் ஆசையா அனுப்புனது, இத உட்டுட்டு அந்த ஓட்டப் பெட்டிய எடுத்துட்டு வந்திருக்கறீங்களே” என்றாள். பக்கத்தில் இருந்த மலையாளிப் பையன் அதை உயிர்ப்பித்து, மொழி தேர்ந்து கொடுத்துவிட்டான். உதவி செய்யத்தான் எத்தனை பேர்!

அரை மணி நேரத்தில் மூன்று பேரோடு பேசிவிட்டாள். தரை துடைக்கும் நேபாளத்துப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகளாம். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு பிரேசில்காரிக்கு முட்டி வலியாம். மெஷின் பேசும் தமிழ் ரேடியோ செய்தி மாதிரி இருக்கிறது. ‘எனது முழங்காலில் வலி உள்ளது’ என்றது. மயிலா சிரித்தாள். ஒரு வாரத்தில் முதல் சிரிப்பு. “ஏனுங்க, முப்பது வருசமா நீங்க மட்டும் இப்படித்தான் ஊர் ஊராப் பேசிட்டு இருந்தீங்களா?” என்றாள்.

மௌலி போட்டோவை அந்த பிரேசில்காரியிடம் காட்டினாள். “என்ற பையன். ஆஸ்பத்திரில இருக்கான். பாக்கப் போறேன்.” அந்தம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். ‘உங்கள் மகன் குணமடைவான்’ என்றது மெஷின். எனக்கு அங்கே உட்கார முடியவில்லை.

இத்தனை நாள் பாஷை தெரியாத ஊர் என்பதுதான் எனக்குத் துணையாக இருந்தது. போர்த்தோவில் இறங்கினால் எதிரில் வருகிற முதல் ஆள் வாயைத் திறந்தால் போதும். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும். விமானத்தில் வேண்டாம், பிடித்துக்கொள்ள யாருமில்லை. லிஸ்பனில் இறங்கி ரயில், மூன்று மணி நேரம். ரயிலில் சொல்லிவிடுவேன். சத்தியமாகச் சொல்லிவிடுவேன்.

நவம்பர் 13, புதன்

ரயிலில் மயிலா ஆரஞ்சு உரித்து எனக்குப் பாதி கொடுத்தாள். ஜன்னலில் கடல் தெரிந்தது. “இந்தக் கடலத்தான் போட்டோ எடுத்து அனுப்புவான்” என்றாள். நான், “மயிலா” என்றேன். “சொல்லுங்க” என்றாள். “ஒண்ணுமில்ல, புளிப்பா இருக்குது” என்றேன்.

மெஷினை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். அவளிடம் வராத வாக்கியம் இதனிடம் ஒரு தடவை வந்துவிட்டால் அப்புறம் வரும் என்று நினைத்தேன். பொத்தானை அமுக்கி, “மயிலா, நம்ம பையன்” என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் சத்தம்தான் வந்தது. ‘உங்கள் பேச்சு புரியவில்லை. மீண்டும் முயலவும்’ என்றது. நாலு தடவை அப்படியே சொன்னது. கதவைத் தட்டினார்கள், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

போர்த்தோ ஸ்டேஷன். தெரேசா கறுப்பு உடையில், கையில் வெள்ளைப் பூங்கொத்தோடு நின்றிருந்தாள். அவளை எனக்குத் தெரியாது, ஆனால் பூவைப் பார்த்ததும் தெரிந்தது. நான் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி முன்னால் போய் நின்றேன், கையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று இங்கிலீஷில் கத்தினேன். அவள் என்னைச் சுற்றிக்கொண்டு மயிலாவிடம் போனாள். துக்கத்தில் கத்துகிறேன் என்று நினைத்திருப்பாள். மயிலா மெஷினை நீட்டினாள். தெரேசா அழுதுகொண்டே பேசினாள். மெஷின் அழாமல் சொன்னது.

‘உங்கள் மகனின் மரணத்துக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல். கடந்த வாரம் செவ்வாய்க்கிழமை முதல் நாங்கள் அனைவரும் துயரத்தில் இருக்கிறோம். அவரது உடல் நல்ல முறையில் பாதுகாக்கப்பட்டுள்ளது.’

மயிலா பூவை வாங்கிக்கொண்டாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.

“செவ்வாக்கெழமையா?”

நான் கீழே போட்ட பெட்டியை எடுத்து நிமிர்த்தினேன்.

“புதன்கெழமை நான் தல நெறையாப் பூ வெச்சுக்கிட்டு வளையல் போட்டேன். அவனுக்குப் பொண்ணு பாக்கச் சொன்னேன். பாயசத்த ரெண்டாந்தடவ வாங்கிக் குடிச்சேன். நீங்க எதுத்தாப்புல உக்காந்து பாத்துட்டே இருந்தீங்க.”

“உனக்குத் தாங்காதுன்னு…”

“காளியாத்தா கோயல்ல செத்த புள்ளைக்கு அர்ச்சன பண்ண உட்டீங்களே! கூட நின்னீங்களே!”

அதுதான் என்னிடம் அவள் சொன்ன கடைசி வார்த்தை. வளையல்களைக் கழற்றி பெஞ்சிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிணவறையில் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை, பக்கத்தில் வரச் சொல்லவும் இல்லை. அங்கே இருந்த ஆளிடம் மெஷினில் கேட்டாள்: “மழைல நனஞ்சிருப்பானே, தலையத் தொவட்டுனது யாருங்க?” அவர் தொப்பியைக் கழற்றினார். ‘நான்தான் அம்மா’ என்றது மெஷின். அப்போதுதான் அழுதாள். அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சுவரோரம் நின்றேன்.

மௌலி செத்துவிட்டான். நவம்பர் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு என் மகன் செத்துவிட்டான். எழுதிவிட்டேன்.

நவம்பர் 14, வியாழன்

மயிலா இன்றைக்கும் என்னோடு பேசவில்லை. ஓட்டலில் காபி வேண்டுமா என்றால் மெஷினை எடுத்துப் பரிமாறுகிற பெண்ணிடம் கேட்டுக்கொள்கிறாள்.

எழுத ஆரம்பித்தாயிற்று, இதையும் எழுதிவிடுகிறேன். அச்சகக்காரன் தப்பில்லை. புரூஃபில் மௌலி பேர் இருந்தது. நான்தான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வா என்று கூப்பிட்டேன், வரமாட்டேன் என்றான், எவனுக்காவது நாயாகச் சாயம் காய்ச்சப் போ என்றேன். பத்திரிகையைப் பார்த்த பிறகும் அவன் எனக்கு மெஷின் அனுப்பினான். வந்து சேர்ந்ததா என்று ஒரு மெசேஜ் போட்டான். பார்த்தேன். பதில் போடவில்லை.

பதினோரு மணிக்கு அவன் சாமான்களை எடுக்க அவன் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரம்மா பேர் ஃபெர்னாண்டா. ஐம்பது வயசிருக்கும், ரொட்டிக்கடையில் வேலை. பத்து மாசமாக அவள் வீட்டின் பின்னறையில்தான் இருந்திருக்கிறான். சட்டைகளையெல்லாம் துவைத்து, தேய்த்து, அடுக்கி வைத்திருந்தாள். மயிலாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

சமையலறையில் உட்கார வைத்து, முட்டை வாசம் அடிக்கிற ஒரு கேக்கை வெட்டி வைத்தாள். மெஷினை மேஜை நடுவில் வைத்தோம். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மௌலி மிளகு ரசம் வைத்துக் கொடுத்தானாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு சந்தைக்குப் போய்ப் பை தூக்குவானாம். முதலில் போனில்தான் பேசிக்கொண்டார்களாம், ஆறே மாசத்தில் போனைத் தூரப் போட்டுவிட்டு அவள் பாஷையிலேயே பேசினானாம். மயிலா ஒவ்வொன்றுக்கும் “அப்படீங்களா, அப்படீங்களா” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது.

அப்புறம் ஃபெர்னாண்டா என்னைப் பார்த்தாள். மெஷினுக்குக் குனிந்து மெதுவாகப் பேசினாள்.

‘இந்த ஐயா யார்? மௌலியின் தந்தை இறந்துவிட்டார் என்று அவன் குடிவந்த முதல் நாளே என்னிடம் சொன்னான். நேற்று தெரேசா, பெற்றோர் இருவரும் வந்திருக்கிறார்கள் என்றாள். மௌலி என்னிடம் பொய் சொன்னானா?’

கேட்கும்போதே அவள் முகம் வாடிப்போயிற்று. மகன் மாதிரி வைத்திருந்தவன் தன்னை ஏமாற்றினானோ என்கிற வருத்தம்.

மயிலா மெஷினைக் கையில் எடுத்தாள். என்னைப் பார்க்கவில்லை. கழுத்தில் கிடந்த தாலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு, பொத்தானை அமுக்கினாள்.

“என்ற பையன் பொய் சொல்ல மாட்டானுங்க. அவங்கப்பா போய்ட்டாரு. இவரு எங்க அண்ணன்.”

மெஷின் அதைச் சொல்லி முடித்தது. ஃபெர்னாண்டாவின் முகம் தெளிந்தது. எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மாமன் என்றால் உங்கள் ஊரில் தந்தைக்குச் சமம் என்று மௌலி சொல்லியிருக்கிறான், இவ்வளவு தூரம் வந்தீர்களே, நல்ல மனிதர் நீங்கள் என்றாள். நான் மயிலாவைப் பார்த்தேன். அவள் கேக்கைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தாள். நான் மறுத்துச் சொல்ல ஒரே ஒரு வாக்கியம்தான் தேவை. அந்த மெஷின் தமிழை நேராகவே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் சொன்னால் மௌலி பொய்யன் ஆவான்.

ஃபெர்னாண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டாள்.

‘அவனுடைய தந்தை இப்போது உயிரோடு இருந்திருந்தால், இவனை நினைத்து எவ்வளவு பெருமைப்பட்டிருப்பார், இல்லையா?’

பதிலுக்காக இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மயிலா மெஷினை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டிப் பொத்தானை அமுக்கிப் பிடித்தாள்.

“இருந்திருந்தா பட்டிருப்பாருங்க” என்றேன்.